நில்

என் இடது கால் பெருவிரலில் நகம் பாதிதான் இருக்கிறது. மிச்சப் பாதி, வளரலாமா வேண்டாமா என்று இரண்டு வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறது. கல்யாண வீட்டில் செருப்பைக் கழற்றி வைக்கும்போது யாராவது அதைப் பார்த்துவிட்டு "என்னங்க ஆச்சு?" என்று கேட்டால், "ஹார்பர் பக்கம் ஒரு ஆக்சிடென்ட்" என்று சொல்லிவிட்டு அமைதியாகிவிடுவேன். கேட்டவர் மனத்தில் கப்பல் ஓடும், ஆகாயத்தில் ஆடும் கிரேன் தெரியும், அறுந்து விழும் இரும்புக் கயிறு தெரியும். நான் எதையும் கலைப்பதில்லை. உண்மையில் துறைமுகத்துக்குள் ஒரு நாள்கூட வேலை பார்த்தவன் இல்லை நான். விரலைப் பதம் பார்த்த சம்பவத்தில் கப்பலும் இல்லை, கிரேனும் இல்லை. ஓர் எலுமிச்சம்பழம் இருந்தது.

அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

நான் ஒரு குடோன் சூப்பர்வைசர். திருவொற்றியூருக்கும் மணலிக்கும் நடுவில், ட்ரெய்லர்கள் தவம் கிடக்கும் ஒரு சாலைக்கு உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் குடோன். கப்பலில் வந்த கன்டெய்னரைத் திறந்து சரக்கை இறக்குவோம். கப்பலுக்குப் போகிற சரக்கைக் கன்டெய்னரில் அடுக்கிக் கதவைச் சாத்தி சீல் வைப்போம். வேலை இவ்வளவுதான். 1983-ல் நாட்டிலேயே முதன்முதலாகக் கன்டெய்னருக்கென்று தனி முனையம் சென்னைத் துறைமுகத்தில் திறந்தார்கள். அதற்குப் பிறகு வடசென்னையில் காலி இடம் என்று இருந்ததெல்லாம் பெட்டி அடுக்கும் மைதானமாக மாறியது. அந்த மைதானங்களில் ஒன்றில்தான் என் சம்பளம் விளைகிறது. நான் குடியிருப்பது ராயபுரம் கல்மண்டபம். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் கிளம்பியது எங்கள் ராயபுரம் ஸ்டேஷனிலிருந்து. சரியாக நூறு வருடம் கழித்து, 1956-ல், அமெரிக்காவில் ஒரு கப்பல் 58 பெட்டிகளை மேல்தளத்தில் ஏற்றிக்கொண்டு கிளம்பியதோடு கன்டெய்னர் யுகம் தொடங்கியது. இந்த இரண்டு தகவலையும் புதிதாகச் சேருகிற பையன்களிடம் நான் சொல்லாமல் விட்டதில்லை. வண்டி ஓட்டத் தெரியாதவனுக்கு வரலாறாவது தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

வண்டி என்று நான் சொல்வது பேட்டரி பேலட் டிரக்கை. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். மரப் பலகைகளை ஆணியடித்துச் செய்த பேலட்டின் மேல் சரக்கை அடுக்கியிருப்பார்கள். அதன் அடியில் நுழைகிற இரண்டு இரும்பு நாக்குகள், அவற்றின் தலைமாட்டில் ஒரு பேட்டரிப் பெட்டி, அதிலிருந்து நீளும் ஒரு கைப்பிடி. நாக்கு தாழ்ந்திருக்கையில் தரையிலிருந்து 85 மில்லிமீட்டர், நாலு விரல்கிடை. பொத்தானை அமுக்கினால் 200 மில்லிமீட்டர் வரை எழும். ஒரு சாண்கூட இல்லை. அந்தச் சாணுக்குள்தான் 2 டன் சரக்கு தரையை விட்டு எழுந்து, எங்கே வேண்டுமானாலும் வரத் தயாராகிவிடும். இதில் ஏறி உட்கார முடியாது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நாம் நடக்க வேண்டும், அது கூட வரும். ஃபோர்க்லிஃப்டுக்கு எங்கள் லோடுமேன்கள் வைத்த பெயர் யானை. இதற்குக் கன்னுக்குட்டி.

கன்னுக்குட்டி வந்த அன்று, விற்ற கம்பெனியிலிருந்து ஒரு பையன் வந்து அரை நாள் பயிற்சி கொடுத்தான். அந்த அரை நாளில் பாதி நேரம் நான் ஒரு பில் ஆஃப் லேடிங்கைத் தேடிக்கொண்டிருந்தேன். மீதிப் பாதியில் டீ வந்தது. ஆனாலும் சான்றிதழில் முதல் பெயர் என்னுடையது. சூப்பர்வைசர் ஆயிற்றே. அது மட்டுமா, வண்டியோடு வந்த புத்தகத்தைப் பார்த்துப் பன்னிரண்டு வரிகளில் தமிழில் ஒரு பாதுகாப்புப் பலகையும் எழுதினேன். 'பாதுகாப்புக் காலணி அணியாமல் இயக்கக் கூடாது' என்பது முதல் வரி. பலகையைப் பெயின்டர் எழுதி முடித்து ஆணியடித்து மாட்டியபோது, தள்ளி நின்று ஒரு முறை படித்துப் பார்த்தேன். நல்ல தமிழ். இன்றைய தேதிக்குப் பன்னிரண்டில் ஒன்பதை நானே மீறியிருக்கிறேன். மிச்சம் மூன்று, வாய்ப்புக் கிடைக்கவில்லை.

கைப்பிடியில் ஆமைப் படம் போட்ட ஒரு பொத்தான் உண்டு. முதல் நாளே மேஸ்திரி அதைக் காட்டி, "இன்னா சார் இது, ஆமை படம் போட்டுக்கீது?" என்றார். ஐம்பத்தெட்டு வயது ஆள். பதினாறு வயதில் மூட்டை தூக்க வந்தவர். எட்டுப் பேர் கொண்ட கோஷ்டிக்குத் தலைவர். அவர் எதிரில் 'தெரியாது' என்று சொல்ல நாக்கு எழவில்லை. "அது பேட்டரி இறங்கிச்சுன்னா எரியும்" என்றேன். அவர் தலையாட்டினார். மூன்று மாதம் அந்தப் பொத்தானை யாரும் தொடவில்லை. அமுக்கினால் வண்டி ஊர்ந்து போகும், கன்டெய்னருக்குள்ளே நெருக்கடியான இடத்தில் கைப்பிடியைச் செங்குத்தாக நிறுத்தி வைத்துக்கொண்டும் மெல்ல நகர்த்தலாம் என்பதை ஒரு நாள் மதியம் மேஸ்திரியே தற்செயலாகக் கண்டுபிடித்தார். கண்டுபிடித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் ஃபைலைப் பார்த்தேன்.

முதல் சவாரியை மறக்க முடியாது. இந்த வண்டியின் பிரேக் காலில் இல்லை. கைப்பிடி மேலே நிமிர்ந்து நின்றால் பிரேக், ஒரேயடியாகக் கீழே படுத்தால் பிரேக். இரண்டுக்கும் நடுவில் சாய்ந்திருக்கும்போது மட்டும் ஓடும். கையை விட்டால் ஸ்பிரிங் இழுத்து, தானே நிமிர்ந்து நின்றுகொள்ளும். வண்ணத்துப்பூச்சி இறக்கை மாதிரி இருபுறமும் விரிந்த ஒரு விசை, கட்டை விரல்களுக்காக. அப்படித் திருகினால் முன்னால், இப்படித் திருகினால் பின்னால். ஆனால் எது முன், எது பின்? எனக்கு முன்னாலா, வண்டிக்கு முன்னாலா? நாங்கள் இருவரும் எதிரும் புதிருமாக நின்றிருந்தோமே.

எட்டு லோடுமேன்கள் பார்த்துக்கொண்டிருக்க, எனக்குப் பின்னால் காகித உருளைகள் சுவராக அடுக்கியிருக்க, இறக்கையைத் திருகினேன். வண்டி என்னை நோக்கி வந்தது. விரலை எடுக்க வேண்டும் என்பது மூளைக்குத் தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை. பயந்தவன் கையிலிருப்பதை இறுக்கித்தான் பிடிப்பான் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. இறுக்க இறுக்க வேகம் கூடியது. முதுகு காகிதத்தில் மோதியது. கைப்பிடியின் நுனியில் பெரிய சிவப்புப் பொத்தான் ஒன்று வயிற்றுக்கு நேராக இருக்கிறது. அது என் தொப்பையில் அழுந்தியது. அழுந்தியதுதான் தாமதம், வண்டி ஏதோ சுட்டுவிட்டாற்போலப் பின்னால் துள்ளி ஓடியது. சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் ஆள் நசுங்காமல் இருக்கத்தான் அந்தப் பொத்தானை வைத்திருக்கிறார்கள். எனக்கென்னவோ என் தொப்பையைப் பார்த்து அது பயந்துகொண்ட மாதிரிதான் இருந்தது. பின்வரிசையில் ஒரு குரல்: "சார் வண்டிய மேய்க்குறாரா, வண்டி சார மேய்க்குதா?"

அன்று சாயங்காலம் யாரும் இல்லாதபோது மேஸ்திரி பக்கத்தில் வந்தார். "சார், மாடு ஓட்டிக்கினு போறவன் மாட்டுக்கு நேர் முன்னால நடப்பானா? பக்கவாட்டுல ஓரமா நடப்பான். கயிறு கையில இருக்கும், காலு ஒதுங்கியிருக்கும். நீ அதுக்கு மாலை போடுற மாதிரி எதுக்க நிக்குற." வண்டியோடு வந்த புத்தகத்தில் இதற்கு மூன்று பக்கமும் அம்புக்குறி போட்ட நான்கு படங்களும் இருந்தன. ஆறு கிலோமீட்டர் வேகம் என்றால் நமக்குச் சிரிப்பு வரும். நொடிக்கு ஒன்றரை மீட்டருக்கும் மேல் அது. வண்டியின் எடையும் சரக்குமாகச் சேர்ந்து இரண்டரை டன் நம் குதிகாலுக்குப் பின்னால் அந்த வேகத்தில் வருகிறது. ஒரு தடுக்கல் போதும்.

அடுத்த மாதம் நாக்கின் நீளத்தை அளக்காததால் வந்த வினை. நாக்கு 1150 மில்லிமீட்டர். பேலட் ஒரு பக்கம் 1200, மறு பக்கம் 1000. குட்டையான பக்கமாக முழுசாக நுழைத்தால் அந்தப் பக்கம் அரைச் சாணுக்கு மேல் நாக்கு வெளியே நீட்டும். நீட்டி, பின்னால் இருந்த டால்க் மூட்டையில் குத்தியது. குடோன் முழுக்க வெள்ளைப் பவுடர். இரண்டு நாள் எல்லோரும் விபூதி பூசிய பண்டாரங்களாகத் திரிந்தோம். பட்டினத்தார் அடங்கிய ஊரில் அது பொருத்தமாகத்தான் இருந்தது.

பேட்டரி விஷயத்தில் அகப்பட்டுக்கொண்டது வீட்டில். இந்த வண்டியில் இருப்பது ஆசிட் பேட்டரி. அவ்வப்போது டிஸ்டில்ட் வாட்டர் ஊற்ற வேண்டும். எப்போது ஊற்றுவது? சார்ஜ் ஏறி முடித்த பிறகு. ஏறும்போது உள்ளே இருக்கும் திரவம் சூடாகி, குமிழிட்டு மேலே எழும்பும்; முன்னாலேயே மூடி வரை ஊற்றி வைத்தால் பொங்கி வழியும். பால் காய்ச்சுகிற எந்தப் பெண்ணுக்கும் தெரிந்த கணக்கு இது. நான் ராத்திரி ஷிஃப்ட் முடிகிற அவசரத்தில் மூடி மூடியாகத் ததும்ப ஊற்றி, சார்ஜில் போட்டுவிட்டுப் போனேன். காலையில் பேட்டரியின் தலையெல்லாம் ஈரம். அடடா என்று என் கர்ச்சீப்பை எடுத்துத் துடைத்தேன். துடைத்த கர்ச்சீப்பைப் பேன்ட் பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போட்ட மனைவி, கொடியிலிருந்த என் பேன்டின் ஊடாகக் காசிமேட்டுப் பக்கம் தெரிகிறது என்று கூப்பிட்டாள். போய்ப் பார்த்தேன். தொடைப் பக்கம் சல்லடை. "என்ன ஆச்சு?" என்றாள். "ஒண்ணுமில்ல" என்றேன்.

இந்த 'ஒண்ணுமில்ல'வை அவள் நம்புவதை நிறுத்திப் பல வருடமாகிறது. 2020 ஆகஸ்டில் பெய்ரூட் துறைமுகம் வெடித்துச் சிதறியதை டி.வி.யில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அதே மாதிரி அம்மோனியம் நைட்ரேட் ஏறக்குறைய 700 டன், 37 கன்டெய்னர்களில், 2015-ல் பறிமுதலானதிலிருந்து மணலியிலேயே கிடக்கிறது என்ற செய்தி இரண்டே நாளில் வெளிவந்தது. அப்புறம் அவசர அவசரமாக ஹைதராபாத்துக்கு அனுப்பினார்கள். அந்த வாரம் வடசென்னையில் குடோன் வேலை பார்த்த ஒவ்வொருவனின் வீட்டிலும் ஒரே கேள்விதான்: "உங்க குடோன்ல என்ன வெச்சிருக்கீங்க?" நானும் அன்று 'ஒண்ணுமில்ல' என்றுதான் சொன்னேன். என்ன இருந்தது என்று எனக்கே முழுசாகத் தெரியாது. அடுத்த நாள்தான் முதன்முறையாக ஒவ்வொரு பெட்டியின் லேபிளையும் உட்கார்ந்து படித்தேன்.

இப்போது ஊறுகாய்.

சிங்கப்பூருக்குப் போக வேண்டிய மாங்காய் ஊறுகாய், கண்ணாடி பாட்டில்களில். குடோன் தரையிலிருந்து யார்டுக்கு இறங்க ஒரு சரிவு இருக்கிறது. சரிவில் வண்டியை இறக்கும்போது ஆள் வண்டிக்குக் கீழ்ப்பக்கம் நிற்கக் கூடாது. நடுச்சரிவில் திருப்பக் கூடாது. பலகையில் ஏழாவது, எட்டாவது வரிகள். நான் கீழே நின்று இழுத்துக்கொண்டு வந்தேன். எதிரே யானை வந்தது. வழிவிடுவோம் என்று பாதிச் சரிவில் ஒடித்தேன். பெட்டிகளைச் சுற்றி பிளாஸ்டிக் தாள் பளபளவென்று சுற்றியிருந்தது. பேலட்டோடு சேர்த்துச் சுற்றவில்லை. பெட்டிகள் ஒற்றுமையாக இருந்தன, பேலட்டோடு உறவு இல்லை. மொத்தக் கோபுரமும் மெதுவாக, மரியாதையாக, ஒரு பக்கம் சாய்ந்தது. நான் கைப்பிடியை விட்டுவிட்டுத் தாவினேன். வண்டி அந்த இடத்திலேயே நின்றது. அதற்கு பிரேக் இருக்கிறது. ஊறுகாய்க்கு இல்லை.

பதினோரு பெட்டி. நல்லெண்ணெயும் மிளகாய்த்தூளும் கண்ணாடித் தூளுமாகச் சரிவில் வழிந்தது. கழுவக் கழுவ எண்ணெய் போகவில்லை. மரத்தூள் கொட்டிக் கூட்டினோம். பெருங்காய வாசனை மட்டும் ஒரு வாரம் குடோனை விட்டு நகரவில்லை. அந்த வாரம் லோடுமேன்கள் எல்லாரும் தயிர்ச்சோறு கட்டிக்கொண்டு வந்து சரிவுக்குப் பக்கத்தில் குந்திச் சாப்பிட்டார்கள். "தொட்டுக்க ஒண்ணும் வாணாம் சார், மோந்தா போதும்" என்றார் ஒருவர். அறிக்கையில் 'கையாளும்போது சேதம்' என்று எழுதினேன். கையாண்டது யார் என்று எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. ரொம்ப நல்ல படிவம்.

இத்தனையும் படித்துவிட்டு, பேசாமல் மூட்டையைத் தோளிலேயே தூக்கியிருக்கலாமே என்று யாருக்காவது தோன்றினால், மேஸ்திரியின் கழுத்தை ஒரு முறை பார்க்கச் சொல்வேன். பின்கழுத்தில், தோள் தொடங்குமிடத்தில், உள்ளங்கை அகலத்துக்குத் தோல் தடித்துக் கறுத்து, காய்ந்த புளி மாதிரி இருக்கும். அவர் வேலைக்கு வந்த காலத்தில் சர்க்கரை மூட்டை 100 கிலோ. இரண்டு பேர் தூக்கிவிடுவார்கள், ஒருவர் சுமப்பார். உடம்புக்குக் கேடு வருகிற அளவு பாரத்தை யாரையும் தூக்க வைக்கக் கூடாது என்று 1948-ன் தொழிற்சாலைச் சட்டத்திலேயே சொல்லியிருந்தார்கள். 1967-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு இதற்கென்று ஓர் உடன்படிக்கையே போட்டது. கூடவே, வயது வந்த ஆணுக்கு 55 கிலோ உச்சவரம்பு என்று பரிந்துரைத்தது. மேஸ்திரிக்கு இதையெல்லாம் ஒரு நாள் படித்துக் காட்டினேன். "அந்த வருஷம் நான் வேலைக்கே வரலியே சார், அப்பவே சொல்லிட்டாங்களா?" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை.

கன்னுக்குட்டி வந்தபின் அவர் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்காருவது குறைந்தது. இன்னொன்றும் குறைந்தது. எட்டுப் பேர் கோஷ்டி நாலு பேரானது. ஒருவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார், ஒருவர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன். மற்ற இருவரை நான் அப்புறம் பார்க்கவில்லை. வண்டி எத்தனை ஆள் வேலையைச் செய்யும் என்ற கணக்கை மேலே அனுப்பியது நான்தான். நான் செய்த வேலைகளில் பிழையே இல்லாமல் செய்தது அது ஒன்று.

சரி, எலுமிச்சம்பழம்.

ஆயுத பூஜை. குடோன் கழுவி, மாவிலை கட்டி, யானைக்கும் கன்னுக்குட்டிக்கும் சந்தனம் குங்குமம் இட்டாயிற்று. லாரிக்கு நாலு சக்கரத்தடியில் நாலு எலுமிச்சம்பழம் வைப்பது எல்லாருக்கும் தெரியும். கன்னுக்குட்டிக்கு எத்தனை? நடுவில் ஓட்டும் சக்கரம் ஒன்று, அதற்கு இரு பக்கமும் தாங்கும் சின்னச் சக்கரங்கள், நாக்குகளின் நுனியில் உருளைகள். மூன்று என்றார் ஒருவர், ஐந்து என்றார் இன்னொருவர். பழம் இருந்தது நாலு. இந்த விவாதம் கால் மணி நேரம் நடந்தது. வண்டி சார்ஜரில் மாட்டியபடியே இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. கவனிக்க வேண்டியவன் நான். சார்ஜ் ஏறும் ஆசிட் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், நெருப்பு ஆகாது என்று சொல்லி, அந்தப் பக்கம் பீடி பற்றவைத்த இரண்டு பேருக்கு முந்தின மாதம் ஐம்பது ஐம்பது ரூபாய் அபராதம் போட்டவனும் நானே. தட்டில் கற்பூரத்தைக் கொளுத்தி, மணியடித்து, பேட்டரிப் பெட்டியின் மேல் பக்தியோடு மூன்று சுற்றுச் சுற்றினேன்.

மேஸ்திரி தட்டைப் பிடுங்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். திரும்பி வந்து மூச்சு வாங்க நின்றார். "பீடிக்குத்தானே சார் ஃபைனு? கற்பூரத்துக்கு இல்லியா?"

அந்த அவமானத்தை மறைக்கிற வேகத்தில்தான் அடுத்தது நடந்தது. பூஜைக்காகப் பாதுகாப்புக் காலணியைக் கழற்றி வைத்திருந்தேன். சாமி காரியம் ஆயிற்றே. சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, 'நானே எடுக்கிறேன்' என்று வெறுங்காலோடு கைப்பிடியைப் பிடித்தேன். முதல் பழம் பொத்தென்று நசுங்கியது. இரண்டாவது நசுங்காமல் உருண்டு வெளியே வந்தது. நசுங்காத பழம் சகுனத்துக்கு ஆகாது. அதைக் காலால் சக்கரத்தடியில் தள்ளிவிட்டேன். கட்டை விரல் இன்னும் இறக்கையின் மேலேயே இருந்தது.

பழமும் நகமும் ஒன்றாக நசுங்கின. பழச்சாறு வேறு.

வீட்டில் கேட்டார்கள். "ஒண்ணுமில்ல." குடோனில் 'நூலிழையில் தப்பிய சம்பவங்கள்' என்று ஒரு பதிவேடு உண்டு. ஆள் அடிபட்டதும், அடிபட இருந்து தப்பியதும், சரக்கு விழுந்ததும் எல்லாம் அதில் ஏற வேண்டும். எது எங்கே தவறிப்போக இருந்தது என்று தெரிந்தால்தானே அடுத்த முறை தவறாமலிருக்கும்? தொழிலாளர்களும் படிக்கும்படி தமிழில் எழுத வேண்டும் என்று தலைமை அலுவலகத்தின் உத்தரவு. வண்டி வந்த நாளிலிருந்து மாதக் கடைசியில் நான் அதில் ஒரே ஒரு வார்த்தை எழுதிக் கையெழுத்துப் போட்டு வந்தேன். எதுவும் இல்லை என்பதற்கு ஆபீஸ் பாஷை. தமிழ் எழுத்தில்: 'நில்.' ஊறுகாய் மாதம், நில். டால்க் மாதம், நில். எலுமிச்சம்பழ மாதம், விரலில் கட்டோடு உட்கார்ந்து, நில். தணிக்கைக்கு வந்தவர் பக்கங்களைப் புரட்டிவிட்டு என் கையைக் குலுக்கினார். இந்த வட்டாரத்திலேயே இப்படி ஒரு பதிவேட்டை அவர் பார்த்ததில்லையாம். பார்த்திருக்க மாட்டார்.

மேஸ்திரி ஒரு நாள் சம்பள வவுச்சரில் கையெழுத்துப் போட வந்தவர், மேஜையில் திறந்து கிடந்த பதிவேட்டைப் படித்தார். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். "நில். நில். நில்." பக்கத்தைத் திருப்பினார். "நில்." என்னை நிமிர்ந்து பார்த்தார். "மாசாமாசம் யாரை சார் நிக்கச் சொல்ற?"

சிரித்தேன். விளக்கம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் ஒரு ட்ரெய்லர் வந்தது. குடோன் மேடையில் பின்பக்கத்தை ஒட்டி நிறுத்தி, மேடைக்கும் கன்டெய்னருக்கும் நடுவில் இரும்புத் தகடு போட்டு, அதன் மேல் வண்டியை உள்ளே ஓட்டி இறக்குவோம். மேஸ்திரிக்கு ஒரு பழக்கம். டயருக்குக் கட்டை வைத்ததும் நேராக டிரைவரிடம் போய்ச் சாவியை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். இறக்கி முடித்த பிறகுதான் திருப்பிக் கொடுப்பார். என் பன்னிரண்டு வரிகளில் சாவி கிடையாது. இரவெல்லாம் எண்ணூர் விரைவுச்சாலையில் வரிசையில் நின்று கண் சிவந்து வந்த மனிதரிடம் போய், திருடனிடம் கேட்கிற மாதிரி சாவியைப் பிடுங்குவது எனக்கு அநாகரிகமாகப் பட்டது. அன்று மேஸ்திரி லீவு. "சாவியை நீங்களே வெச்சுக்கங்கண்ணே" என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். கட்டை வைக்கச் சொன்னேனா? ஞாபகமில்லை. வைத்ததை நான் பார்க்கவில்லை.

கன்டெய்னருக்குள் கடைசி வரிசைப் பேலட்டை எடுத்துத் திரும்பினேன். உள்ளே இருட்டு, வாசலில் வெள்ளை வெயில், கண் கூசியது. தகட்டுக்கு நாலடி இருக்கும்போது ஷூ லேஸ் அவிழ்ந்திருப்பதைப் பார்த்தேன். கையை விட்டேன், வண்டி நின்றது. குனிந்தேன். அப்போது காலுக்கடியில் தரை நகர்ந்தது. பூகம்பம் என்றுதான் நினைத்தேன். தகடு ஒரு முனை நழுவி, கோயில் மணி மாதிரி ஒரு சத்தத்தோடு கீழே விழுந்தது. நிமிர்ந்தபோது எனக்கும் மேடைக்கும் நடுவில் இரண்டடி வெறும் காற்று. நாலடி ஆழத்தில் சிமென்ட் தரை. பக்கத்தில் ஒன்றரை டன் சரக்கோடு கன்னுக்குட்டி.

டிரைவர் இறங்கி ஓடிவந்தார். "பின்னாடி வண்டிக்காரன் ஹாரன் அடிச்சுக்கினே இருந்தான் சார். கொஞ்சம் முன்னால எடுத்து வுட்டேன். உள்ள ஆள் இருக்கிறது தெரியல." அவர் மேல் தப்பில்லை. சாவி அவர் கையில் இருந்தது. கொடுத்தவன் நான்.

லேஸை நான் கட்டவே இல்லை. ரொம்ப நேரம் அந்த விளிம்பில் குந்தியிருந்தேன்.

மறுநாள் மேஸ்திரியிடம் சொன்னேன். அந்த ஒன்றைத்தான் யாரிடமாவது நானாகப் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். "எம் மச்சான் அப்பிடித்தான் போனான் சார். வேற யார்டு" என்றார். அவ்வளவுதான். பல வருடங்களாக அவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டிருந்தது என்ன என்று அப்போதுதான் தெரிந்தது. பெயின்டரைக் கூப்பிட்டுப் பலகையில் பதின்மூன்றாவது வரி எழுதச் சொன்னேன்: 'ட்ரெய்லர் சாவி மேஸ்திரியிடம் இருக்க வேண்டும்.' அதன் கீழே யாரோ கரியால் பதினான்காவது வரியைச் சேர்த்திருக்கிறார்கள்: 'சார் ஓட்டும்போது தள்ளி நிற்கவும்.' அழிக்கச் சொல்லவில்லை.

பதிவேட்டையும் திறந்தேன். பழைய பக்கங்களில் இருந்த 'நில்'களைத் திருத்த முடியாது, தணிக்கை முத்திரை விழுந்துவிட்டது. அந்த மாதத்திலிருந்து உள்ளதை எழுதுகிறேன். போன மாதம் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது: உங்கள் குடோனில் திடீரென்று சம்பவங்கள் அதிகரித்திருப்பதற்குக் காரணம் கூறவும். பதில் இன்னும் போடவில்லை. இந்த மாதக் கணக்கு நேற்று வரை ஏழு. அதில் ஐந்து என்னுடையவை.